பெரியப்பாவின் கார் லைட்டுகள்

கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து மல்லாவிப் பக்கம் வந்த பிறகு எங்களுக்குச் சோறு போட்டது என்னுடைய பழைய ஏ-40 கார்தான். மண்ணெண்ணெயில் ஓடும். ஆள் ஏற்றிப் போக ஹயர் கிடைத்த நாளில் அடுப்பு எரியும். எஞ்சினை எப்படியோ சமாளித்துக்கொண்டேன். என் உயிரை வாங்கியது முன் லைட்டுகள்.

அரசாங்கம் தடை போட்டு வன்னிக்குள் சாமான் வரவிடாத போர்க்காலம். ஒரு பல்ப் எரிந்து போனால் இன்னொன்று எங்கேயும் எடுக்க முடியாது. இடது லைட் எப்போதோ செத்துவிட்டது. வலது லைட்டை நானே கெடுத்தேன். உள்ளே இருக்கும் வெள்ளிப் பூச்சுக் கிண்ணம் மங்கிப் போயிருந்தது. பானை சட்டி மினுக்குகிற நினைப்பில் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். பூச்சு முழுவதும் சாம்பலோடு கழன்று வந்துவிட்டது. சிகரெட் பெட்டிகளுக்குள் இருக்கும் வெள்ளித்தாள்களைப் பொறுக்கி, சோற்றுப் பசையால் உள்ளே ஒட்டினேன். பசை புளித்து நாறியது, எறும்பு மொய்த்தது. மாரி தொடங்கிய கிழமை தாள் உரிந்து, தண்ணீர் இறங்கி, பல்ப்பும் வெடித்தது.

என் அப்பாவின் அண்ணன், பெரியப்பா, பக்கத்துக் குளத்தடியில் இருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தில் வந்து வயல் செய்தவர். கோயிலில் முன்வரிசை ஆள். அவரிடமும் என்னுடையதைப் போலவே ஒரு கார் நின்றது. பெற்றோல் இல்லாமல் போனதும் ரயர்களைக் கழற்றி, கல் அடுக்கி ஏற்றி, தரப்பாளால் மூடிக் கொட்டிலில் விட்டிருந்தார். அதை ஆரும் கிட்டப் போய்ப் பார்க்க விடமாட்டார்.

"பெரியப்பா, உங்கட கார் சும்மாதானே நிக்குது. லைட் ஒண்டைத் தாங்கோ. சாமான் வரேக்க புதுசாப் போட்டுத் தாறன்" என்று போய்க் கேட்டேன்.

கதிரையில் இருந்தபடியே வெற்றிலைச் சாற்றை முற்றத்தில் துப்பினார். "ரெண்டும் உடைஞ்சு போச்சு, தம்பி. இருந்தா உனக்குத் தராமல் ஆருக்குக் குடுக்கப் போறன்?"

நம்பினேன்.

பத்து நாள் போயிருக்கும். பொழுது படுகிற நேரம் பெரியப்பாவின் வயலில் வேலை செய்கிறவர் மழைக்குள் ஓடி வந்தார். மலையகத்திலிருந்து வந்து குளத்துக்கு அங்கால் குடியிருந்தவர். மனைவிக்குப் பிள்ளைப்பேற்று வலி.

"அண்ணே, காரு வருமாங்க? அவ துடிக்கிறா."

"லைட் இல்லையே. உந்த ரோட்டில மதகு எது, பள்ளம் எது எண்டு தெரியாது. உங்களையும் கொண்டுபோய்க் கவிட்டுப் போடுவன்."

அவர் என்னோடு வாதாடவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டில் தேடிப் போனார். பாதி வழியில் வண்டிலுக்குள்ளேயே பிள்ளை பிறந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது பிள்ளையில் உயிர் இல்லை. தாய் மட்டும் தப்பினாள்.

பெரியப்பாவிடம் போய்ச் சொன்னேன். "அதுகளுக்கு வண்டில் பழக்கம்தானே. விதி, தம்பி" என்றார். பிறகு வரும் வழியில் தன் வயலுக்குள் தண்ணீர் நின்றதா என்று கேட்டார்.

மாரி நடுவில் பெரியம்மாவுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. பின்னேரம் நாலரை மணிக்குப் பெரியப்பா குடையும் இல்லாமல் வந்து நின்றார்.

"கெதியாக் காரை எடு."

"போய்ச் சேர முதல் இருண்டிடும். என்னட்டை லைட் இல்லை, பெரியப்பா. உங்களுக்குத் தெரியும்தானே."

என் முகத்தைப் பார்த்தார். பிறகு நிலத்தைப் பார்த்தார். "வா" என்று கொட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தரப்பாளைத் தூக்கினார். இரண்டு லைட்டும் முழுசாக இருந்தன. கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை.

"உடைஞ்சது எண்டு சொன்னியள்?"

"இப்ப அதுதானோ கதை? கழட்டு."

கறள் பிடித்த ஆணியைத் திருப்பி முதல் லைட்டை வெளியே இழுத்தேன். மூக்கை அடைக்கிற மூத்திர நாற்றம். பின்னால் வயர் போகும் ஓட்டையின் ரப்பரைக் கடித்துக்கொண்டு சுண்டெலிகள் உள்ளே குடியேறியிருந்தன. கந்தல் துணியும் உமியும் புழுக்கையும் அடைந்து கிடந்தன. கையை விட்டுத் தோண்டினேன். மயிர் முளைக்காத குஞ்சுகள் என் உள்ளங்கையில் நெளிந்தன. கொட்டில் வாசலிலேயே ஓங்காளித்துச் சத்தி எடுத்தேன். வெள்ளிப் பூச்சு முழுவதும் அரித்துப் போயிருந்தது. பல்ப்பின் கால் பச்சையாகப் பூத்து உடைந்தது.

"மற்றதைப் பார்" என்றார் பெரியப்பா, சால்வையால் மூக்கைப் பொத்திக்கொண்டு.

மற்றதற்குள் இருந்து கரப்பான்கள் என் சேட்டுக் கைக்குள் ஏறின. பல்லி முட்டைகள் ஒட்டியிருந்தன. ஆனால் பல்ப் நல்லது, பூச்சிலும் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. சாரத்தின் தலைப்பால் துடைத்து என் காரில் பூட்டி வயரைக் கொடுத்தேன். மஞ்சளாக எரிந்தது. அந்த வெளிச்சத்தைப் பார்க்க எனக்குச் சந்தோசம் வரவில்லை. வண்டிலில் போனவளின் நினைப்புத்தான் வந்தது. அன்று இந்த லைட் இங்கேதான் இருந்திருக்கிறது, எலிக்கும் கரப்பானுக்கும்.

பெரியம்மாவைப் பின் சீற்றில் கிடத்தினோம். அவா ஒவ்வொரு மூச்சுக்கும் கூரையைப் பார்த்தா. முன் சீற்றில் இருந்த பெரியப்பா வழியில் சொன்னது இது: "பாத்து ஓட்டு, தம்பி. கல்லுத் தெறிச்சுக் கண்ணாடி வெடிச்சுப் போடும்."

பெரியம்மா பிழைத்துக்கொண்டா. அதில் எனக்கு நிம்மதிதான். அவா ஒருவருக்கும் ஒரு பொய்யும் சொன்னதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை கோயிலில் பெரியப்பா நாலு பேருக்குக் கேட்கக் கதைத்துக்கொண்டு நின்றார். "என்ர காரைப் பழுதாக்கித்தான் இவனுக்கு லைட் குடுத்தனான். ஆபத்துக்கு உதவாத சாமான் என்னத்துக்கு?" எல்லாரும் தலையாட்டினார்கள். நான் திருநீற்றைப் பூசிக்கொண்டு நின்றேன்.

அடுத்த நாள் காலை என் வீட்டுக்கு வந்தார். பெரியம்மா தேறிவிட்டா என்று சொல்லத்தான் வருகிறாராக்கும் என்று நினைத்துக் கதிரையைத் தூக்கிப் போட்டேன். இருக்கவில்லை.

"அந்த லைட்டைக் கழட்டித் தா. அது அந்தக் காரோட இருக்கவேணும்."

என் மனைவி குசினிக்குள் இருந்து எட்டிப் பார்த்தாள். "பெரியப்பா, ஆஸ்பத்திரிக்குப் போக ஆரும் வருத்தக்காரர் வந்தா..." என்று தொடங்கினாள். "அதுக்கு நான் என்ன செய்ய?" என்றார். கழற்றிக் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உள்ளுக்குக் கொஞ்சம் கறுத்துப் போச்சு" என்றார். "ஓம், பெரியப்பா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்கு என் மேலேயே அரியண்டமாக, அருவருப்பாக இருக்கிறது. நிலத்தில் போட்டு உடைத்திருக்கலாம். அவருடைய தம்பியின் பிள்ளை என்ற மரியாதை என் கையைக் கட்டிப் போட்டது.

பங்குனியில், வவுனியாவுக்குப் போய் வந்த ஒருவர் சவர்க்காரப் பெட்டிக்குள் ஒளித்து எனக்கு ஒரு பல்ப் கொண்டுவந்து தந்தார். அதுவரை பொழுது பட்ட பிறகு வந்து கேட்ட எல்லாரையும் லைட் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். எங்கே லைட் இருக்கிறது என்பதை மட்டும் ஒருவருக்கும் சொல்லவில்லை.