கோமதியின் பாண்டா நோட்டு

போன வாரம் பேத்தி தன் கைபேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். ஒரு பாண்டா சறுக்குமரத்தில் ஏறுகிறது, உருண்டு விழுகிறது, மறுபடி ஏறுகிறது. வீட்டில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு என்னவோ மைதாப் பசை வாசனை அடித்தது. வயதானால் மூக்குக்கும் மறை கழன்றுவிடும் போல.

மைதாப் பசை என்றால் வெறும் மைதா இல்லை. பூச்சி அரிக்காமல் இருக்க மயில் துத்தம் போட்டுக் காய்ச்சியது. லேசாகப் புளித்த, தொண்டையைக் கமறவைக்கும் வாசனை. தில்லியில் நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த பிரிவில் ராம்தன் என்ற பியூன் தினமும் காலையில் ஹீட்டர் மேல் அலுமினியக் கிண்ணத்தை வைத்து அதைக் காய்ச்சுவார். ஜனவரிக் குளிரில் நாங்கள் அந்தக் கிண்ணத்தைச் சுற்றி நின்று கை காய்வோம். அமைச்சகம் ஒன்றின் செய்தி நறுக்குப் பிரிவு அது. பத்திரிகைகளைப் படிக்க வேண்டும், அண்டை நாடுகளைப் பற்றிய செய்திகளை வெட்ட வேண்டும், தாளில் ஒட்டிக் கோப்பில் சேர்க்க வேண்டும். மாயவரத்தில் இருந்த அப்பாவுக்கு ‘வெளிநாட்டு விவகாரம் பார்க்கிறேன்’ என்று கடிதம் எழுதினேன். கத்தரிக்கோலைப் பற்றி எழுதவில்லை.

ஒரு பக்கத்தை வெட்டினால் அதன் பின்னால் இருப்பது போய்விடும் அல்லவா, அதற்காக ஒவ்வொரு பத்திரிகையும் இரண்டு பிரதி வரும். முதல் பிரதி அதிகாரியின் அறைக்குப் போகும், சாயங்காலம் அவரோடு வீட்டுக்கும் போகும், திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. ஆக எங்களுக்கு இருந்தது ஒன்றுதான். அதனால் பிரிவில் சேர்ந்த அன்றே எல்லோருக்கும் சொல்லிவைத்துவிடுவார்கள்: கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன் தாளைத் திருப்பிப் பார். பின்னால் நமக்கு வேண்டியது இருந்தால் வெட்டாதே, கையால் எழுதிக்கொள். ஓட்டையான தாளை யாரும் வைத்துக்கொள்வதில்லை, அது குப்பைக்கூடைக்குப் போய்விடும். நான் இந்த விதியை ஒரு நாளும் மீறியதில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆசிய விளையாட்டு முடிந்ததற்கு மறுவருஷம் சீனக் கோப்பு முழுக்கப் பாண்டாவாக இருந்தது. அங்கே மலைகளில் மூங்கில் பூத்துவிட்டது. பூத்த மூங்கில் பட்டுப்போகும். மூங்கிலைத் தவிர வேறெதையும் தின்னத் தெரியாத அந்தப் பிராணி பட்டினி கிடந்தது. உலகத்துப் பத்திரிகைகள் எல்லாம் அதற்காக அழுதன. சீனா என்ற பெயர் வந்தால் வெட்டு என்பது உத்தரவு, எனவே நாங்களும் வெட்டினோம். அதிகாரி ஒருநாள் ஓரத்தில் ‘இந்தக் கரடியால் நமக்கு என்ன?’ என்று எழுதி அனுப்பினார். அதற்குப் பிறகு பாண்டாவெல்லாம் உதிரியாகி, என் மேசை இழுப்பறைக்கு வந்தது. அங்கிருந்து கோமதிக்குப் போனது.

கோமதி, எங்கள் பிரிவில் வேலை பார்த்த வடிவு அக்காவின் மகள். ஒன்பது வயது. அக்காவின் முழுப்பெயர் சண்முகவடிவு, திருநெல்வேலிப் பக்கம். பிரிவில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அக்காவும் கோமதியும் கிட்வாய் நகரில் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே போனால் தோசை கிடைக்கும் என்பதையும் மறைப்பதற்கில்லை. கோமதி வாசலிலேயே நிறுத்திவிடுவாள்.

“அங்கிள், பாண்டா லாயே? கொண்டுவந்தீங்களா? குடுத்துட்டுத்தான் உள்ள வரணும்.”

பக்கத்து வீட்டுக் கறுப்பு வெள்ளை டிவியில் ஒருநாள் பாண்டாவைக் காட்டினார்களாம். மற்ற மிருகமெல்லாம் அதில் நிறம் மாறித் தெரியும், பாண்டா மட்டும் அசலாகவே தெரியும் என்று கண்டுபிடித்துச் சொன்னாள். உயிரியல் பூங்காவுக்கு அழைத்துப்போனேன். வெள்ளைப் புலியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பாண்டா எங்கே என்று காவலாளியிடம் இந்தியில் சண்டை போட்டாள். அதைச் சீனாக்காரன் சிநேகிதமான நாட்டுக்குத்தான் கொடுப்பான் என்றேன். “நாம சிநேகிதம் இல்லையா?” என்று கேட்டாள். வெளிநாட்டு விவகாரம் பார்க்கிறவன் அவளுக்கு வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தான்.

அக்கா தினமும் எல்லோருக்கும் முன்னால் வந்துவிடுவார். நாங்கள் வரும்போது இந்திப் பத்திரிகையின் பிரதியை விரித்து, விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருப்பார். அரசாங்க ஊழியர்களுக்கு இந்திப் பரீட்சை உண்டு, அதற்குப் படிக்கிறார் என்று நினைத்தோம். நான் கேலிகூடச் செய்திருக்கிறேன்.

“அக்கா, பரீட்சையில முதல் மார்க் வாங்கி எங்க மானத்த வாங்கிடாதீங்க.”

“ஆமா தம்பி, அதுக்குத்தான் படிக்கேன்,” என்பார்.

அவர் பரீட்சைக்குப் படிக்கவில்லை. எனக்குப் பின்னால்தான் தெரிந்தது, உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். அவருடைய கணவர் முத்தையா கௌஹாத்தியில் டெபுடேஷனில் இருப்பதாகச் சொல்லியிருந்தார். உண்மையில் அவர் முந்தின வருஷம் ஒருநாள் காலை பஸ் பிடிக்கப் போனவர், வீடு திரும்பவில்லை. கொஞ்ச நாளாகவே யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாராம். வெளியே சொன்னால் மகளை நாலு பேர் ஒரு மாதிரி பார்ப்பார்கள் என்று அக்கா வாயைத் திறக்கவில்லை. இந்திப் பத்திரிகையின் உள்பக்கத்தில் போலீஸ் அறிவிப்பு வரும்: அடையாளம் தெரியாத ஆண், இன்ன வயது, இன்ன சட்டை. அதைப் படிப்பதற்காகவே அவர் இந்தி எழுத்தைக் கற்றுக்கொண்டார். கணவரின் வலது முன்கையில் வேல் பச்சை குத்தியிருக்கும், பழனியில் போய்க் குத்திக்கொண்டது. புகார் கொடுத்தபோது அதைச் சொல்ல, ஈட்டி என்று எழுதிக்கொண்டார்களாம். வடக்கத்திக்காரர் கண்ணுக்கு வேல் என்னவாகத் தெரியும் என்று யாருக்குத் தெரியும்? தானே படித்தால்தான் உண்டு என்று அக்கா நினைத்தார். அந்த நினைப்பு சரிதான்.

அந்த வருஷம் மே மாதம் கோமதிக்கு அம்மை போட்டது. அக்கா ஐந்து நாள் லீவு. ஐந்தாம் நாள் இந்திப் பத்திரிகையில் ஒரு பாண்டாப் படம் வந்திருந்தது, குட்டியை மடியில் வைத்துக்கொண்டு. குழந்தை பார்த்தால் சந்தோஷப்படுவாள் என்று கத்தரிக்கோலை எடுத்தேன். விதிப்படி தாளைத் திருப்பிப் பார்த்தேன். ஒன்றுமில்லை, ஏதோ போலீஸ் அறிவிப்பு. வெட்டினேன். வேப்பிலை சொருகியிருந்த வாசலில் நின்று, அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்தேன். உள்ளே கோமதி சிரிக்கும் சத்தம் கேட்டது. பஸ்ஸில் திரும்பும்போது என்னைப் பற்றி எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

லீவு முடிந்து வந்ததும் அக்கா முதலில் கேட்டது அந்த ஐந்து நாள் பத்திரிகையைத்தான். கட்டை எடுத்துக் கொடுத்தேன். சாப்பாட்டு இடைவேளையில்கூட எழுந்திருக்காமல் விரல் வைத்துப் படித்தார். ஒரு தாள் குறைந்திருந்ததை அவர் கவனிக்கவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

ஆகஸ்ட் மழையில் தில்லி வீடுகளின் சுவரெல்லாம் ஓதம் ஏறிவிடும். கோமதி நான் கொடுத்த பாண்டாக்களை எல்லாம் ஒட்டிவைத்திருந்த நோட்டு மேல் அலமாரியில், சுவரை ஒட்டி இருந்தது. பசை நெகிழ்ந்து ஒரு பாண்டா கழன்று தரையில், முகம் கவிழ்ந்து விழுந்தது.

மறுநாள் அக்கா அதை என் மேசையில் அதே மாதிரி கவிழ்த்து வைத்தார். பசைக் கறையின் ஊடே இந்தி எழுத்துத் தெரிந்தது. வயது நாற்பது இருக்கும், கோடு போட்ட நீலச் சட்டை, வலது முன்கையில் அரச இலை போலப் பச்சை குத்திய அடையாளம்.

“தம்பி, அரச இலையத் தலகீழாப் பாருங்க. வேல் மாதிரி இல்ல?”

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னார். முத்தையாவைப் பற்றி, கௌஹாத்திப் பொய்யைப் பற்றி, இந்தி எழுத்தைப் பற்றி. நான் வெட்டினேன் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

துணைக்கு என்னை அழைத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனார். அங்கிருந்த ஹெட் கான்ஸ்டபிள் நல்ல மனிதர். எங்களை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, பதிவேட்டைத் தேடி எடுத்தார். அறிவிப்பு வந்த பிறகும் மூன்று நாள் வைத்திருந்து பார்த்தோம், யாரும் வரவில்லை, தகனம் செய்துவிட்டோம் என்றார். சட்டை இப்போது இல்லை. ஒரு போட்டோ இருந்தது. முகம் வீங்கி, கண் மூடி, யாராகவும் இருக்கலாம். அக்கா அதை ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் வைத்துப் பார்த்தார்.

“கை தெரியுதா தம்பி? கையக் காட்டச் சொல்லுங்க.”

கேட்டேன். முகம் மட்டும்தான் எடுப்போம் என்றார் அவர்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றோம். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார், நெற்றிப் பொட்டில் படாமல் சுற்றித் துடைத்தார். “இத வச்சுக்கிடவா, அழிக்கவா? அந்தக் கைய ஒரு தடவ பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும்,” என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அழிக்கவில்லை. அதற்குப் பிறகும் தினமும் காலையில் வந்து இந்திப் பத்திரிகையைப் படித்தார். நான் அவர் படித்து முடிக்கும்வரை கத்தரிக்கோலைத் தொடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கிட்வாய் நகருக்குப் போவதையும் மெல்ல நிறுத்திக்கொண்டேன். தைரியம் இல்லை, அவ்வளவுதான். இரண்டு வருஷத்தில் அக்கா மாற்றல் வாங்கிக்கொண்டு சென்னைக்குப் போய்விட்டார். ரயிலடியில் கோமதி என்னிடம் பாண்டாவைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. நோட்டு என்னவாயிற்று என்று நானும் கேட்கவில்லை.

இப்போது அந்தக் குவார்ட்டர்ஸ் இல்லை, இடித்துவிட்டு வானம் மறைக்கக் கட்டிவிட்டார்கள். எங்கள் பிரிவும் இல்லை. பத்திரிகையை வெட்டி ஒட்டுகிற ஆளும் இல்லை, பசை காய்ச்சுகிற ஆளும் இல்லை. பாண்டாக்கள் பிழைத்துக்கொண்டன என்று படித்தேன். நல்லதுதான். அக்கா இருக்கிறாரா, நெற்றியில் பொட்டு இருக்கிறதா, தெரியாது.

பேத்தி கைபேசியை என் கையில் கொடுத்துவிட்டு, “நல்லாப் பாருங்க தாத்தா” என்றாள். பாண்டா பத்தாவது தடவையாக உருண்டு விழுந்தது. நான் கைபேசியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தேன்.

“பின்னாடி என்ன தாத்தா பாக்கறீங்க?”

“ஒண்ணுமில்லம்மா,” என்றேன்.