எலுமிச்சம்பழம் வைத்தது நான்தான்

பிள்ளைகளே, போன வருடம் ஆயுத பூசைக்கு மறுநாள் என் வேலை போனது. வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. மூன்று நாள் சாப்பாட்டுப் பெட்டியோடு வெளிக்கிட்டு, பூங்கா ஓரம் காருக்குள் இருந்து அழுதேன்.

ஒரு வெயர்ஹவுஸில் பதினொரு வருடம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவன் நான். ஆயுத பூசையன்று அதற்குச் சந்தனம் வைத்து, சில்லுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசித்து, எல்லாருக்கும் அவித்த கடலை கொடுப்பேன். அன்று பின்னேரம் அதே வண்டி பிரேக் பிடிக்காமல் சாமான் அடுக்கிய தட்டுகளை இடித்தது. கமராவில் ஒருவர் சில்லடியில் குனிந்திருந்தார். நான்தான் பிரேக்கைப் பழுதாக்கினேன் என்று புது மனேஜர் என்னை நிறுத்தினார். பிரேக் சரியில்லை என்று முன்பே என் சுப்பவைசரிடம் எழுதிக் கொடுத்திருந்தேன். அப்படியொரு கடதாசியே இல்லை என்றார்கள். யூனியன் வழக்குப் போட்டது.

பக்கத்து வீட்டுச் சிவம் அண்ணை சொன்னார்: "கமராவிலை முகம் தெரியேல்லைத்தானே? நானில்லை எண்டு சொல்லிப்போட்டு வா. எலுமிச்சம்பழக் கதையை அவங்களுக்கு விளங்கப்படுத்தி முடிக்க உனக்குப் பென்சன் வந்திடும்!"

எனக்கும் அந்த ஆசை வந்தது. பிள்ளையார் முன் நின்றேன். வேலையைக் கேட்கத்தான் போனேன். வாயில் வந்தது வேறு: "அப்பனே, உனக்கு வைச்சதை இல்லையெண்டு சொல்லப் பண்ணாதை."

சில்லடியில் குனிந்து எதையோ வைத்தது நீங்களா என்று விசாரணையில் நடுவர் கேட்டார். தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன்: "ஓம், நான்தான் வைத்தேன். என் குடும்பத்துக்குச் சோறு போடுகிற வண்டி. வருடத்தில் ஒருநாள் அதைக் கும்பிடுவேன்."

கம்பனியின் சாட்சியாக வந்திருந்தவர் என் சுப்பவைசர் டோனி. பிலிப்பைன்ஸ்காரர். அவர் தன் முறை வந்ததும் எழும்பிச் சொன்னார்: "பதினொரு வருடமாக இவருடைய பூசைக் கடலையைச் சாப்பிடுகிறேன். மனைவியின் பிறந்தநாளை மறந்தாலும் அந்த நாளை மறக்கமாட்டேன். இவர் எழுதித் தந்த பிரேக் கடதாசியின் கொப்பி என்னிடம் இருக்கிறது."

எதிர்ப்பக்கத்து ஆளின் வாயாலேயே பிள்ளையார் பதில் தந்தார். வேலை திரும்பக் கிடைத்தது. அன்று நெஞ்சை நிமிர்த்தி வீட்டுக்கு வந்தேன். முதலில் வீட்டில் என் பிள்ளைகளிடம்தான் அந்தச் செய்தியைச் சொன்னேன். இப்போது அவர்களிடம் எதையும் மறைப்பதில்லை.

இந்த வருட ஆயுத பூசையில் அதே மனேஜர் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "எந்தச் சில்லுக்கு?" காட்டினேன். கடலையும் கொடுத்தேன்.

பிள்ளைகளே, பயம் வந்தால் பிள்ளையாரிடம் போங்கள். உண்மை சொல்ல ஒரு வாயைக் கேளுங்கள். எனக்குத் தந்தவர் உங்களுக்கும் தருவார்.