பார்க்காதே என்றவள்

எங்கள் வீட்டில் அவளுக்கு எலி என்று பெயர். ஓரிடத்தில் உட்கார மாட்டாள், எதையாவது கொறித்துக்கொண்டே இருப்பாள், வாயும் ஓயாது. என் ஒரே தங்கை. ஓவியக் கல்லூரியில் புகைப்படம் படிக்கிறாள். நான் சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறேன்.

இந்த வருடம் முழுக்க அவள் என்னைத்தான் படம் எடுத்தாள். கடைக்கு வந்து துணி மூட்டைகளுக்கு நடுவே புகுந்துகொள்வாள். "அக்கா, இங்க பாக்காத. நான் இல்லைன்னு நினைச்சுக்கோ" என்பாள். தலைக்கு மேல் வேலை கிடக்கும்போது அப்படி நினைப்பது எனக்கும் சுலபம்தான். என் முதுகு, கழுத்து வியர்வை, ஆவிக்குள் பாதி மறைந்த கை. பொய் சொல்லக் கூடாது, எல்லாம் அழகாகத்தான் இருந்தன.

அவர்கள் வகுப்பில் ஒரு வழக்கம். ஒருவருடைய படங்களைச் சுவரில் மாட்டி மற்றவர்கள் அலசுவார்கள். அவர்கள் பேசி முடிக்கிறவரை படம் எடுத்தவர் வாயைத் திறக்கக் கூடாது. கடைசியில்தான் பதில் சொல்லலாம். எலிக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. ஆண்டு இறுதிக் கண்காட்சிக்கு யார் படம் போகும் என்பதும் அங்கேதான் முடிவாகும்.

அவள் படங்களைச் சுவரில் மாட்டிய அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தாள்.

"ஆவி நல்லா இருக்காம், ஆள் இல்லையாம். வாத்தியார் சொல்றாரு. எல்லாம் ஒளிஞ்சிருந்து பார்த்த மாதிரி இருக்காம். இவருக்கு என்ன தெரியும்? அடுத்த வாரம் திரும்பக் கொண்டு வான்னுட்டாரு. அதுலயும் தேறலன்னா கண்காட்சி கிடையாது. ஒருத்தன் கேக்குறான், இந்தம்மா யாரு, வழியில பார்த்தவங்களான்னு!"

எனக்குச் சிரிப்பு வந்தது. "நீ என்ன சொன்ன?"

"அப்ப பேசக் கூடாதுக்கா."

"கடைசில பேச விட்டாங்கல்ல?"

"விட்டாங்க."

"அப்ப?"

நடை நின்றது. "வெளிச்சத்தைப் பத்திப் பேசினேன்."

சுருக்கென்றது. எதிர்வீட்டு நாய்க்கு வயிற்றுவலி என்பதைக்கூட ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு வருகிறவளுக்கு, என்னை அக்கா என்று சொல்ல வாய் வரவில்லை. இஸ்திரி போடுகிறவள் அக்கா என்றால் கௌரவம் குறைந்துவிடுமோ? கேட்கவில்லை. கேட்டால் இல்லவே இல்லை என்பாள். அந்த இல்லை எனக்கு வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் கேமராவோடு கடைக்கு வந்து நின்றாள். நின்றாள் என்பது தப்பு, கல்லாவுக்கும் கதவுக்கும் அல்லாடினாள். லென்ஸை மாட்டினாள், கழற்றினாள், மறுபடி மாட்டினாள். பிறகு பழக்க தோஷத்தில், "அக்கா, இங்க பாக்காத" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு நேராகப் பார்த்தேன்.

"ஏன் பாக்கக் கூடாது? வழியில போறவளா நான்? எடுக்குறதுன்னா என் மூஞ்சியப் பார்த்து எடு. இல்லைன்னா அந்தக் கருமத்தைத் தூக்கிக்கிட்டு வெளிய போ!"

க்ளிக் என்றது. ஒரே ஒரு தடவைதான். கேமராவை இறக்கியபோது அவள் கண் கலங்கியிருந்தது. அதைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டாள். அந்த வாரம் முழுக்க வீட்டில் அவள் சத்தமே இல்லை. எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை.

அடுத்த வகுப்பு நாளன்று, வேலை மும்முரமாக இருந்த நேரத்தில், மூச்சிரைக்கக் கடைக்கு ஓடி வந்தாள்.

"ஏன்டி, வகுப்பு இல்லையா?"

"வெளிய அனுப்பிட்டாங்க."

"என்ன பண்ணித் தொலைச்ச?"

"அதே பையன்க்கா. யாரு இது, இவ்ளோ கோவமா இருக்காங்களேன்னு கேட்டான். பேசக் கூடாதுன்னு தெரியும். எங்க அக்காடா, கோவம் என் மேலதான், அவ கோவப்படுறது சரிதான்னு கத்திட்டேன். வாத்தியார் கதவைக் காட்டிட்டாரு."

"அப்ப கண்காட்சி?"

"தெரியல. உள்ள இன்னும் பேசிக்கிட்டு இருக்காங்க. அங்க நிக்க முடியல, இங்க வந்துட்டேன்." சொல்லிக்கொண்டே மறுபடி கதவுக்கும் கல்லாவுக்கும் நடக்க ஆரம்பித்தாள். நான் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அக்கா, சட்டை!" என்று அலறினாள்.

குனிந்து பார்த்தால், யாரோ ஒருவருடைய வெள்ளைச் சட்டையின் காலர்மேல் பெட்டி அப்படியே நிற்கிறது. இத்தனை வருடத்தில் நான் கருக்கிய முதல் சட்டை அது.