மடை திறந்த மண்வெட்டி

சங்கரன்கோவில் பக்கம் எங்கள் தோட்டத்தில் பூசணிப் பிஞ்செல்லாம் அடி கறுத்து அழுகின. கால்சியம் பற்றவில்லை என்றார்கள். சுண்ணாம்புத்தூள் போட்டும் அழுகல் நிற்கவில்லை. எனக்குச் சித்தப்பா மகன் மேல்தான் சந்தேகம். கிணறு இருவருக்கும் பொது; முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவோம். பேச்சு மட்டும் கிடையாது.

மண்வெட்டியை ஓங்கிக்கொண்டு போனேன். “எங்கொடிக்குக் களைக்கொல்லி அடிச்சியாலே?”

அவன் நகரவில்லை. குனிந்து ஒரு பிஞ்சைப் புரட்டினான். “நம்ம கரிசல்ல சுண்ணாம்புக்கா பஞ்சம்? தண்ணி ஒழுங்கா பாஞ்சாத்தானண்ணே வேர் அத இழுக்கும். நான் நிக்கேன்னு உன் முறைத் தண்ணிய எத்தன தடவ பாய்ச்சாம விட்டுட்டுப் போன?”

உண்மைதான். அவன் முகத்தில் விழிக்கக் கூடாதென்று ஒரு வாரம் காயப்போட்டு, மறுவாரம் வெள்ளமாகப் பாய்ச்சியவன் நான்.

“இன்னைக்கு எம்முறை. நீ பாய்ச்சிக்கோ” என்று மோட்டாரைப் போட்டான்.

அவனை வெட்ட ஓங்கிய மண்வெட்டியால்தான் மடை திறந்தேன். இன்றும் அதைத் தொட்டால் கை கூசுகிறது.