முதுகு காட்டாத காவலர்

இரண்டாயிரத்து மூன்று மாரியில், கனடாவின் மொன்றியல் நகர ஓவியக்கூடம் ஒன்றில் அந்தக் காவலரைச் சந்தித்தேன். மன்னாரில் கடற்றொழில் செய்தவர். சட்டையின் கழுத்துப் பொத்தானைக்கூடப் பூட்டியிருந்தார். மற்றக் காவலர்கள் சனத்தைப் பார்த்து நிற்க, இவர் ஒரு படத்தையே பார்த்து நின்றார்.

அமெரிக்காவின் ஆரம்பகால அரூப ஓவியர் ஒருவர் வரைந்தது. சாம்பல் வளைவுகள், நடுவில் மங்கிய மஞ்சள் வட்டம். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“இது என்ன அண்ணை?”

“கச்சான் காத்து கிளம்புது, கடலைக் கொந்தளிக்க வைக்கிற காத்து. அரை மணித்தியாலத்தில இஞ்ச வந்திடும். எனக்கு இந்த அறை வேண்டாமெண்டு எழுதிக் குடுத்திருக்கிறன்.”

“படம்தானே?”

“ஓம், படம்தான். ஆனா இதுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிக்க ஏலாது.”

அடுத்த மாதம் அவரை மனித முகங்கள் தொங்கும் அறைக்கு மாற்றியிருந்தார்கள். அங்கே சுவருக்கு முதுகு காட்டி நிம்மதியாக நின்றார். பழைய அறையில், அந்தப் படத்தின் கீழேயே கதிரை போட்டுப் புதுக் காவலர் ஒருவர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

பக்கத்திலிருந்த குறிப்பை அன்றுதான் வாசித்தேன். ஓவியர் பல வருடங்கள் படகிலேயே குடியிருந்தாராம்.

புதியவரிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். படத்தைப் பார்த்தபடி, வாசல்வரை பின்பக்கமாகவே நடந்து வெளியே வந்தேன்.