ஸ்காலர்ஷிப் வேணும்னா கூவத்துக்குப் போ

எம்.எஸ்சி கெமிஸ்ட்ரி கடைசி வருஷ ஃபீஸுக்காக, இன்னிக்கு எண்ணூர்ல ஒரு கம்பெனி டிரஸ்ட்டுக்கு ஸ்காலர்ஷிப் இன்டர்வியூ போனேன்.

மார்க் ஷீட்டைப் பாத்த ஆபீசருக்கு ஒரே சந்தோஷம். "வெரி குட்மா. ப்ராஜெக்ட் எதப் பத்தி?"

"எண்ணூர் ஆத்துத் தண்ணில ஈயம் எவ்ளோ இருக்குன்னு பாக்குறேன் சார்."

சிரிப்பு நின்னுபோச்சு. ஃபைலை மூடிட்டாரு.

"அதெல்லாம் உனக்கு எதுக்கும்மா? கூவத்தை எடுத்துப் பண்ணு. நாளைக்கே செக் தரேன்."

அவங்க கம்பெனி கழிவுத் தண்ணி பைப்பு வந்து வுழுறது இந்த ஆத்துலதான். எங்கப்பா இடுப்பளவு தண்ணில நின்னுகினு கையால தடவி இறால் புடிக்கிறதும் இதே ஆத்துலதான்.

கேக்கவே கலீஜா இருந்துச்சு. ஃபைலைப் புடுங்கிகினு வந்துட்டேன்.

கூவத்துக்கு ஓனர் யாருன்னு தெரிஞ்சா சொல்லுங்கப்பா. எண்ணூரை எடுத்துப் பண்ணச் சொல்லி அவங்கதான் செக் குடுப்பாங்க.