எங்களை நாலு கட்டைக்கு இறக்கிய கம்பெனி

கிளாரினெட் செய்கிற வெளிநாட்டுக் கம்பெனிக்காரன் ஒருத்தன் என் தொண்டையைப் பற்றி முடிவெடுப்பான் என்று யாராவது சொல்லியிருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பேன். எடுத்தானே, எழுபதுகளின் ஆரம்பத்தில், என்னை ஒரு வார்த்தை கேட்காமல்!

நான் பரதநாட்டியத்துக்குப் பாடிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் அதே குழுவில் கிளாரினெட். ராஜா அண்ணாமலைபுரத்தில் குடியிருந்தோம். மயிலாப்பூரில் இருந்த நடன வாத்தியார் வீட்டுக்கு ஒத்திகைக்கு இரண்டு பேரும் நடந்தே போவோம். போகும்போது சண்டை, வரும்போது சமாதானம். சில நாள் மாறியும் நடக்கும்.

என் வீட்டுக்காரருக்குக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஒரு பைத்தியம் உண்டு. அவருடைய கிளாரினெட்டைச் செய்த கம்பெனிக்காரன் என்னென்ன மாடல் போடுகிறான் என்று படம் போட்ட புத்தகம் ஒன்று லஸ்ஸில் இருந்த வாத்தியக் கடைக்கு வரும். ஊரே வாரப் பத்திரிகை படித்தால் இவர் அதைப் படிப்பார். முதலில் குட்டை, நெட்டை என்று எல்லா அளவிலும் இருந்தது. கறுப்பு மரத்தில் ஒன்று, வெள்ளிபோல மின்னும் உலோகத்தில் ஒன்று. அப்புறம் உலோகம் காணாமல் போயிற்று. அடுத்த புத்தகத்தில் விரலால் அமுக்குகிற கீ எல்லாம் பெருகி, துளைகளைச் சுற்றி வளையம் வந்தது. அதற்கடுத்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கென்று நீலப் பெட்டியில் பிளாஸ்டிக் கிளாரினெட். "இதை ஊதினா பிளாஸ்டிக் பக்கெட் வாசனை வரும்" என்று இவர் சொல்ல, நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். பனகல் பார்க் ஜவுளிக்கடையிலாவது போன தீபாவளிப் புடவை ஏதாவது ஒரு மூலையில் கிடைக்கும். இந்தக் கம்பெனி மகராசன் ஒன்றை நிறுத்தினால் அடியோடு நிறுத்திவிடுவான்.

எங்கள் சிரிப்பெல்லாம் ஒரு கோடையோடு நின்றது. சித்திரை வெயிலில் இவருடைய பழைய கிளாரினெட்டின் மேல்பாகம் பிளந்துகொண்டது. மெழுகு வைத்தார், நூல் சுற்றினார். என்ன பண்ணியும் காற்று ஒழுகியது. அதே மாடல் வேண்டுமென்று லஸ்ஸுக்கு ஓடினார், நானும் கூடவே போனேன். கடைக்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் பேண்டில் டிரம்பெட் வாசிக்கிறவர், நல்ல மனுஷர்.

"அந்தக் குட்டை சைஸை நிறுத்திட்டான் சார். இன்னா பண்றது? இனிமே இந்த நெட்டை ஒண்ணுதான் கீது" என்றார்.

நெட்டை என்றால் என்ன ஆபத்து என்று கேட்பீர்கள். சுருதியின் உயரத்தை நாங்கள் கட்டை என்று சொல்வோம்; எண் ஏற ஏற குரலும் ஏறும். நான் பாடுவது அஞ்சு கட்டை. இவருடைய குட்டைக் கிளாரினெட்டில் ஸட்ஜத்துக்கு விரல் வைத்துப் பழகிய இடமும் அஞ்சு கட்டையாகத்தான் பேசும். நெட்டையில் அதே விரலை வைத்தால் நாலு கட்டை. அந்தக் காலத்தில் ஒரு பாடகி அஞ்சிலிருந்து நாலுக்கு இறங்கினாள் என்றால் முன்வரிசையிலேயே ஆரம்பித்துவிடுவார்கள், "பாவம், குரல் போயிடுச்சு" என்று. நானா இறங்குவேன்?

"விரலை மாத்தி வெச்சு அஞ்சுக்கு வாசிங்களேன்" என்றேன். வாங்கிவந்த நெட்டையில் வாசித்துக் காட்டினார். திறந்த துளையில் விரலை வழுக்கி வழுக்கிக் கொண்டுவரும் கமகம் போய், கீயெல்லாம் டைப் அடிப்பது போல டக் டக்கென்றது. எனக்கே பொறுக்கவில்லை.

வேறு வாத்தியம் என்ற பேச்சும் அப்போது காற்றில் இருந்தது. நாட்டியத்துக்குக் கிளாரினெட் பழசு, புல்லாங்குழல்தான் நாகரிகம் என்று ஊரெல்லாம் மாறிக்கொண்டிருந்தது. எங்கள் வாத்தியாருக்கும் அந்த ஆசை எட்டிப் பார்த்தது. சுருதி சேரவில்லை என்றால் அதையே சாக்காக வைத்து இவரை அனுப்பிவிடுவார், எனக்குத் தெரியும். அந்த வாரம் சனிக்கிழமை அடையாற்றுப் பெண் ஒருத்திக்கு அரங்கேற்றம். அதற்குள் வழி பிறந்தாக வேண்டும்.

இவர் ஒரு வழி கண்டுபிடித்தார். என் தலையெழுத்து! வாய் வைக்கிற பாகத்துக்குக் கீழே உருளையாக ஒரு சின்ன மரத்துண்டு இருக்கும். புதுப் பெட்டியில் அதில் இரண்டு வைத்திருந்தான். "நீளம்தானே சுருதியை இறக்குது? நீளத்தைக் குறைச்சா ஏறிடும்ல" என்று அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு, வீணை பழுது பார்க்கிற ஆசாரியிடம் போய்ப் பாதியாக அறுத்துக்கொண்டு வந்துவிட்டார். என்னிடம் மூச்சு விடவில்லை.

ஒத்திகையில் ஊதினார் பாருங்கள். மேலே இருந்த துளைகள் கன்னாபின்னாவென்று ஏறியிருந்தன. கீழே இருந்தவை ஏறவே இல்லை. ஸட்ஜம் ஒரு பக்கம், பஞ்சமம் ஒரு பக்கம், நடுவில் நான் அநாதை. முழங்காலை மடித்து அரைமண்டியில் நின்ற அரங்கேற்றப் பெண் சிரிப்பை அடக்க முடியாமல் உட்கார்ந்தேவிட்டாள். மிருதங்கக்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

"என்னப்பா, வாத்தியத்துக்கு ஜலதோஷமா?" என்றார் வாத்தியார். எல்லாரும் சிரித்து ஓய்ந்ததும், குரலை இறக்கி, "சனிக்கிழமைக்குப் புல்லாங்குழல்காரரைச் சொல்லிடட்டுமா?" என்றார்.

இவர் கிளாரினெட்டை ஒவ்வொரு பாகமாகக் கழற்றி, துணியால் துடைத்துப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தார்.

"இருங்க. அறுக்காத துண்டு பெட்டியில இருக்கில்ல? அதை மாட்டுங்க" என்றேன். வாத்தியாரிடம் திரும்பி, "சுருதிப்பெட்டியை நாலு கட்டைக்கு வைங்க" என்றேன்.

"வேணாம், நீ சும்மா இரு" என்றார் இவர்.

"நீங்க சும்மா இருங்க. மரத்தை அறுத்தாச்சு, அடுத்து என் கழுத்தையா?"

பாடினேன். கீழே போகும்போது கொஞ்சம் திணறினேன், பொய் சொல்லக் கூடாது. ஆனால் வர்ணத்தில் உச்சியில் இருக்கிற மேல் பஞ்சமத்தைத் தொடுகிற இடம் வந்தபோது, பல்லைக் கடிக்கவில்லை, கழுத்து நரம்பு புடைக்கவில்லை. போய் நின்றேன், அவ்வளவுதான். அடடா, அங்கே இவ்வளவு இடம் இருக்கிறதா என்று இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். வாத்தியார் தாளத்தை நிறுத்தவே இல்லை. முடிந்ததும், "இதையே வெச்சுக்கலாம். புல்லாங்குழல் கதையெல்லாம் அப்புறம் பார்ப்போம்" என்றார்.

எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது. இவரோ மந்தைவெளி தாண்டுகிற வரை முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நாலடி முன்னாலேயே நடந்தார்.

"ஏன் உம்முனு வர்றீங்க? நான் இறங்கிட்டேன்னு வருத்தமா?"

"இல்ல. இன்னிக்கு நீ மேல போனப்ப நான் சன்னமா ஊதினேன். கவனிச்சியா?"

கவனிக்காமல் என்ன? ஒவ்வொரு கச்சேரியிலும் நான் மேல் பஞ்சமத்துக்குப் போனால் போதும், இவர் கிளாரினெட் என் குரலுக்கு மேலே ஏறி உட்காரும். "என்னை அமுக்கத்தான் ஊதுறீங்களா?" என்று வருஷக்கணக்காக, பஸ்ஸில் ஆட்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சண்டை போட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் அடங்கி ஊதினார்.

"அஞ்சு கட்டையில அந்த இடத்துல உனக்குப் பிசிறு தட்டும்" என்றார், தெருவைப் பார்த்துக்கொண்டே. "சபையில யார் காதுலயும் விழக் கூடாதுன்னுதான் தூக்கி ஊதுவேன். உன்னை இறங்குன்னு சொல்ல வாய் வரல. புல்லாங்குழல்காரர் வந்துட்டா... அதுக்கு அவ்வளவு சத்தம் கிடையாதே."

நடுத்தெருவில் நின்றுவிட்டேன். "இத்தனை வருஷமா திட்டு வாங்கினீங்களே, வாயைத் திறந்து சொன்னா என்ன?" என்று அப்போதும் திட்டத்தான் செய்தேன். கண்ணெல்லாம் நிறைந்து, வருகிற பஸ்கூடத் தெரியவில்லை. இவர் கிளாரினெட் பெட்டியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, என் கையைப் பிடித்து ரோட்டைக் கடக்க வைத்தார்.